நாத்தனார் வாங்கிய பெர்மிட் மகளுக்கு உதவாது

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். நியூஜெர்சியில் பார்லர் நடத்தும் உங்கள் நாத்தனார் ஒஹாயோவுக்குப் போய், அங்கே பரீட்சை எதுவும் எழுதாமல் ஒரு தற்காலிக பெர்மிட் வாங்கி, மேடையில் ஹேர் கலரிங் செய்து காட்டிவிட்டு வந்துவிட்டார், டெக்சாஸில் இருக்கும் உங்கள் மகள் மட்டும் பார்லர் வேலைக்கான லைசென்ஸுக்கு எதற்கு ஆயிரம் மணி நேரம் படிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அன்று அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒஹாயோ சட்டத்தில் அது சிறப்பு நிகழ்வுக்கான தற்காலிக வேலை அனுமதி. வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ குறைந்தது 5 வருடம் லைசென்ஸ் வைத்திருந்தவராக இருக்க வேண்டும், அந்தத் தொழிலில் வல்லுநர் என்று பெயர் பெற்றிருக்க வேண்டும், வருவதும் விளம்பர நிகழ்ச்சிக்கோ பயிற்சி நிகழ்ச்சிக்கோதான் இருக்க வேண்டும். குறித்த தேதி முடிந்தால் அனுமதியும் முடிந்தது, அதை வைத்து அங்கே கடை திறக்க முடியாது. உங்கள் நாத்தனார் பரீட்சை எழுதவில்லை என்று சொன்னீர்களே, எழுதியிருக்கிறார், பல வருடம் முன்பு நியூஜெர்சியில் 1200 மணி நேரம் படித்துவிட்டு எழுதினார். அதனால்தான் ஒஹாயோவில் மறுபடி எழுதச் சொல்லவில்லை.

இப்படி மேடையில் ஒரு அம்மா கலரிங் செய்து காட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாடலின் முடியை நாலு பாகமாகப் பிரித்து கிளிப் போட்டு, மெல்லிய கீற்றாக எடுத்து, ஃபாயில் வைத்து, டெவலப்பர் (கலரை முடியில் பிடிக்க வைக்கும் திரவம்) கலந்த கலரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே, கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டும் இருந்தார் அந்த அம்மா. நடுவில் ஒரு ஃபாயிலைத் திறந்து பார்த்து, போதும் என்று உடனே கழுவச் சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முடி வெந்திருக்கும். அந்தக் கணக்கு பல நூறு தலைகளைத் தொட்ட கைக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, சென்னையில் இருக்கும் உங்கள் தங்கையையும் இந்த பெர்மிட்டில் வரவழைக்கலாமா என்று கேட்டீர்கள். சட்டத்தில் வேறு நாடு என்று இருப்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் பியூட்டீஷியனுக்கென்று அரசு தனி லைசென்ஸ் கொடுப்பதில்லை, ஐடிஐ சான்றிதழ் இருக்கும், கடைக்கு மாநகராட்சி உரிமம் இருக்கும், அவ்வளவுதான். 5 வருட லைசென்ஸைக் காட்டுவதிலேயே சிக்கல் வரும். அதோடு மாநில பெர்மிட் வேறு, விசா வேறு. பி-1 விசாவில் (வியாபார விஷயமாகக் கொஞ்ச நாள் வந்துபோவதற்கான விசா) வந்து இங்கே வேலை செய்து சம்பளம் வாங்க முடியாது, தயவுசெய்து அதில் விளையாடாதீர்கள்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் முன்பு 1500 மணி நேரமாக இருந்த காஸ்மெட்டாலஜி படிப்பு, அதாவது முடி, சருமம், நகம் எல்லாம் சேர்ந்த அழகுக்கலைப் படிப்பு, இப்போது 1000 தான். ஃபேஷியல், ஸ்கின் மட்டும் போதும் என்றால் 750, நகத்துக்கு மட்டும் என்றால் 600. புருவ த்ரெட்டிங் மட்டும் செய்ய லைசென்ஸே தேவையில்லை. 750 மணி நேரம் படித்தால்தான் நூலை எடுக்கலாம் என்பது அநியாயம் என்று நம் ஊர்க்காரர்கள் சிலர் வழக்குப் போட்டு, 2015-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், பட்டேல் வழக்கு என்பார்கள். ஆனால் உங்கள் மகளுக்கு ஆசை ஹேர் கட்டிலும் கலரிங்கிலும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது, தேடவும் வேண்டாம்.

அவள் பதினொன்றாம் வகுப்புதானே? டெக்சாஸில் பல அரசுப் பள்ளிகளிலேயே காஸ்மெட்டாலஜி பாடம் இருக்கிறது, முதலில் பள்ளி கவுன்சலரிடம் அதைக் கேளுங்கள், பெரிய செலவு மிச்சமாகும். இல்லையென்றால் கம்யூனிட்டி காலேஜ். தனியார் பள்ளி என்றால் பணம் கட்டுவதற்கு முன் பெல் கிராண்ட் (அமெரிக்க அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத படிப்பு உதவித்தொகை) எடுப்பார்களா, கத்தரி, பிரஷ் போன்ற சாமான் கிட்டுக்குத் தனியாக எவ்வளவு, நடுவில் நின்றால் முடித்த மணிநேரத்துக்குக் கணக்கு கொடுப்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடி வெட்டுகிற வேலைக்கா இவ்வளவு வளர்த்தேன் என்று நீங்கள் குரல் உடைந்து சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தப் பள்ளிகளில் மாணவர்களே ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்கு வெட்டிவிடுவார்கள். ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள், அந்தப் பிள்ளைகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள், அப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள்.