வாசகர் கேள்வி–பதில்: கலையும் செயல்திட்டமும் பாடமாகும்போது

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். மாதந்தோறும் புராஜெக்ட் என்று சொல்லி, சார்ட் தாளும் தெர்மோகோலும் வாங்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் நான்தான் இரவில் விழித்திருந்து செய்து கொடுக்கிறேன். பொதுத்தேர்வை நோக்கிப் போகும் வயதில் இதனால் அவளுக்கு என்ன பயன்?

பதில்: நீங்கள் ஒட்டிக் கொடுக்கும் மாதிரியால் உங்கள் மகளுக்குப் பயன் ஏதும் இல்லை. உங்கள் மனக்குறை முற்றிலும் நியாயமானது. ஆனால் பாடத்தை நடத்தி முடித்த பிறகு வீட்டுக்கு அனுப்பப்படும் கைவேலைக்கும், ஒரு கேள்விக்கு விடை தேடிச் செயல்படுவதன் மூலமே பாடத்தைக் கற்கும் செயல்திட்டவழிக் கற்றலுக்கும் தொடர்பில்லை. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியில், சமைப்பதும் நெய்வதும் தச்சுவேலை செய்வதும்தான் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் வாயிலாக இருந்தன. அவர் வழிவந்த வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் இம்முறையைப் பற்றி எழுதியபோது, மாணவர் மனமார ஏற்றுக்கொண்ட ஒரு நோக்கமே செயல்திட்டத்தின் உயிர் என்றார். பள்ளிக் கட்டடத்தில் எந்த அறை நண்பகலில் மிகவும் சூடாகிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் வெப்பமானியும் கையுமாக அலைந்து, அளவுகளை வரைபடமாக்கி, தலைமையாசிரியர் முன் வாதாடும் மாணவி வெப்பம் கடத்தப்படுவதையும் கதிர்வீசப்படுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

தேர்வைப் பற்றிய கவலைக்கும் பதில் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அரசாங்கமும் அரசியலும், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய இரு பாடங்களைச் செயல்திட்டங்கள் வழியாக நடத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. பொதுவான தேர்வில் தகுதி மதிப்பெண் பெற்றோரின் விகிதம், வழக்கமான முறையில் படித்தவர்களைவிட இவர்களிடையே ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அந்த ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் ஆண்டு முழுவதும் துணையும் தரப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புதிதாகக் கற்பவரை வழிகாட்டலின்றி விட்டுவிட்டால் அவர் திணறுவார் என்று கல்வி உளவியலாளர்கள் எச்சரித்து வருவதும் உண்மை. ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புராஜெக்ட் வேண்டாம் என்று கேட்காதீர்கள். அது வகுப்பறையில், பள்ளி நேரத்தில், ஆசிரியர் உடனிருக்க நடக்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். கலையை ஒருங்கிணைக்கச் சொன்னார்கள் என்று ஒளிச்சேர்க்கையைப் பாட்டாக்கிப் பாடவைத்தேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் புரிதலில் மாற்றம் தெரியவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: பாட்டு உங்கள் பாடத்தின் சொற்களைச் சுமந்ததே தவிர, கருத்தைச் சுமக்கவில்லை. கலையை எடுத்துவிட்டால் பாடம் குறைபடுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள். குறைபடாது என்றால் அங்கே கலை வெறும் அலங்காரமாக நிற்கிறது.

ஒலிப் பாடத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பலகையில் 60 செ.மீ. நீளத்துக்குக் கம்பியை முறுக்கிக் கட்டி, அதைத் தட்டிக் கேட்டதைச் சட்ஜமாக, அதாவது ‘ச’ என்னும் அடிப்படைச் சுரமாக, வைத்துக்கொண்டார்கள். சரிபாதியில், அதாவது 30 செ.மீ.யில், மேல் சட்ஜம் பேசியது. 40 செ.மீ.யில் பஞ்சமமும் (‘ப’) 45 செ.மீ.யில் மத்திமமும் (‘ம’) வர வேண்டும் என்று பின்னங்களைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் 40 செ.மீ.யில் அழுத்திய மாணவனின் முகம் சுளித்தது. சுருதி சற்றே ஏறி நின்றது. அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்தும் கணக்கில் பிழையில்லை. கம்பி பலகையிலிருந்து உயரமாக நின்றதால், விரலால் அழுத்தும்போதே அதன் இழுவிசை கூடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு முழுப் பாடவேளை ஆயிற்று. அழுத்தும் இடத்தைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, ஒலிக்கும் பகுதியைச் சற்று நீட்டியதும் சுருதி சேர்ந்தது. அதிர்வெண் நீளத்தை மட்டுமல்லாமல் இழுவிசையையும் சார்ந்தது என்ற வரியைப் பாடநூலில் படிக்கும் முன்பே அவன் செவி அறிந்துகொண்டது. இசை இல்லாமல் அந்தப் பாடம் நடந்திருக்க முடியாது.

கணித ஆசிரியரும் இதைச் செய்யலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், சன்னல் கண்ணாடியின் மேல் வெளியே நிற்கும் ஒரே உயரமுள்ள தூண்களைப் பேனாவால் வரைந்து அளந்தால், இருமடங்கு தொலைவிலுள்ள தூண் பாதி உயரமாகப் பதிந்திருக்கும். வடிவொத்த முக்கோணங்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கப்படம் எனக்குத் தெரியாது. ஒளிச்சேர்க்கையையும் நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை. இலையின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து மூன்று முறை திருத்தி வரையச் செய்யுங்கள். முதல் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் இடையேதான் கற்றல் நிகழ்கிறது, ஆகவே மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவி. எங்கள் குழுவில் ஐந்து பேர். வேலை முழுவதும் என் தலையில் விழுகிறது. மதிப்பெண் மட்டும் ஐவருக்கும் சமம். இது சரியா?

பதில்: சரியில்லை. குழுவின் படைப்புக்கு ஒரு மதிப்பெண்ணும், ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தேதியிட்ட குறிப்பேடு எழுத வேண்டும். இறுதி நாளில் ஆசிரியர் குலுக்கல் முறையில் ஒருவரை அழைத்து, அவர் செய்யாத பகுதியையும் விளக்கச் சொல்ல வேண்டும். அப்போது நீங்கள் மற்ற நால்வருக்கும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும், அவர்களும் கேட்டாக வேண்டும். நேர்த்தியாக வராதே என்ற அச்சத்தில் பிறர் பங்கையும் நீங்களே வாங்கிச் செய்கிறீர்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள். அடுத்த செயல்திட்டம் தொடங்கும் முன்பே இந்த ஏற்பாட்டை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பாதியில் கேட்டால் அது புகாராகத்தான் தெரியும்.