டேப்பர் முதல் சாய்தளம் வரை: வேலையிடத்துக் கோணக் கணக்குகள் (கேள்வி-பதில்)

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) டேப்பர், அதாவது ஒரு முனை நோக்கிச் சீராகச் சிறுக்கும் உருளை, கடைகிறேன். பெரிய விட்டம் 50 மி.மீ., சிறியது 40, நீளம் 100. டேன் (எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம்) கணக்கில் 5.7 டிகிரி வந்தது. உளியைத் தாங்கி நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடை அவ்வளவு திருப்பிக் கடைந்தால் முனை 30 மி.மீ. ஆகச் சிறுத்துவிட்டது. எங்கே தவறு?

கணக்கைப் போட்டது சரி, முக்கோணத்தைப் பிடித்த இடம்தான் தவறு. விட்ட வித்தியாசமான 10-ஐ அப்படியே எதிர்ப்பக்கமாக எடுத்துவிட்டீர்கள். உளி வெட்டுவது ஒரு பக்கம். வேலைத்துண்டு சுழல்வதால் விட்டம் இரு பக்கமும் குறைகிறது. ஆகவே எதிர்ப்பக்கம் 5, அடுத்துள்ள பக்கம் 100. டேன் மதிப்பு 0.05, கோணம் 2 டிகிரி 52 நிமிடம்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதே, "மையக்கோடு வரைந்தாயா?" என்றுதான். அதை வரைந்து பார்த்தவர் பாதியை மறப்பதில்லை. இன்னொன்று: ஸ்லைடின் அளவுக்கோட்டில் 52 நிமிடத்தைக் கண்ணால் துல்லியமாக வைக்க முடியாது. லேசாக ஒரு வெட்டு எடுத்து, 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களில் விட்டத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் சரியாக 2 மி.மீ. இருந்தால் மேலே தொடரலாம்.

100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் ஐந்து துளைகள் போட வேண்டும். வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்கும் இன்டெக்சிங் ஹெட் இல்லை.

டிவைடர் (இரு கூர்முனைக் கவராயம்) போதும். 180-ஐ ஐந்தால் வகுத்தால் 36. சைன் 36 டிகிரி 0.5878, அதை 100-ஆல் பெருக்கினால் 58.78 மி.மீ.; இதுவே அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையேயான நேர் தூரம். இந்த அளவில் டிவைடரை வைத்து வட்டத்தில் அடியெடுத்துச் செல்லுங்கள். ஐந்தாம் அடி தொடங்கிய புள்ளியிலேயே விழ வேண்டும். ஓர் அடிக்கு 0.2 மி.மீ. பிசகினால்கூட முடிவில் ஒரு மி.மீ. ஆகிவிடும். சரிபார்த்த பிறகே பஞ்ச் (துளை மையத்தைக் குறிக்கும் கூர் ஆணி) அடியுங்கள்.

பெயின்ட் வேலைக்கு 6 மீட்டர் ஏணி. சுவரிலிருந்து அடிப்பகுதி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

தரையோடு 75 டிகிரி. கொசைன் 75 டிகிரி 0.2588 என்பதால் சுமார் 1.55 மீட்டர். அதிகம் தள்ளினால் அடி வழுக்கும். நெருக்கினால் ஆளோடு பின்னால் சாயும். தயவுசெய்து கண்ணளவில் விடாதீர்கள், டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அலுவலக வாசல் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைக்க நேராக 4 மீட்டர்தான் இடம் இருக்கிறது. போதுமா?

போதாது. 4 மீட்டரில் ஏற்றினால் சாய்வு 8.5 டிகிரி, தானே சக்கரத்தைத் தள்ளி வருபவருக்கு அது கொடுமை. 12-க்கு 1 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்பதே வழக்கமான வரம்பு, ஏறத்தாழ 4.8 டிகிரி. அதற்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். சமதளமும் இருக்கும் இடத்துக்குள் அடங்கும்படி அதைத் துண்டுகளாக்கி, நடுவே நாற்காலி திரும்பும் அளவுக்குச் சமதளம் விட்டு மடக்கிக் கட்டுங்கள்.