சங்கம் வளரும்போது பணம் எங்கே கலக்கிறது?

கேள்வி: எங்கள் ஊரில் இருளர் பெண்கள் 14 பேர் குழுவாகச் சேமிக்கிறோம். சாதிச் சான்றிதழ், மனைப் பட்டா என்று பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் தேடி வருகிறார்கள். குழுவையே சங்கமாகப் பதிவு செய்யலாமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: குழு குழுவாகவே இருக்கட்டும், சங்கத்தைத் தனியாகத் தொடங்குங்கள். சேமிப்பு உறுப்பினர்களின் சொந்தப் பணம், பங்கு பிரிக்கலாம். சங்கப் பணத்தை அப்படிப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே கணக்கில் கிடந்தால் முதல் தணிக்கையிலேயே சிக்கல்தான்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி 7 பேர் போதும். விதிகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மாதிரி விதிகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். நிர்வாகிகளின் பதவிக்காலம், கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை இரண்டையும் நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். வங்கியில் இருவர் கையெழுத்து. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது பல சங்கங்களில் உள்ள கெட்ட பழக்கம்.

பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் தருவது. தந்தை வழி உறவினர் யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணையுங்கள். நேரில் மனு கொடுத்தால், மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு நோட்டில் பெயர், மனு எண், தேதி, அடுத்துப் போகவேண்டிய நாள். இதை எழுத இரண்டு பேரைப் பழக்குங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் செங்கல் சூளைக்குப் போனதும் வேலை நின்றுவிடும்.

வெளிநாட்டு நிதி இப்போது வேண்டாம். அதைப் பெறுவதற்கான வழக்கமான பதிவுக்கே 3 ஆண்டுச் செயல்பாடும், அதில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும்.