வெளிப்புற கேபிள் டெர்மினேஷன் வெடித்தால் எங்கே பார்ப்பது? கேள்வி பதில்

வெட்டவெளியில் நிற்கும் 11 முதல் 33 கிலோவோல்ட் வரையிலான எக்ஸ்.எல்.பி.இ (குறுக்கிணைத்த பாலிஎத்திலீன் இன்சுலேஷன்) கேபிள் டெர்மினேஷன்கள், அதாவது கேபிள் முடிந்து வெளி இணைப்போடு சேரும் முனைகள் பற்றி வந்த கேள்விகள் இவை. கை வைக்கச் சொல்லும் இடத்திலெல்லாம் லைனை ஆஃப் செய்து, சப்ளை இல்லையென்று சோதித்து, எர்த் போட்டாயிற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், 11 கிலோவோல்ட் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் ட்யூப் வகை) டெர்மினேஷன், சார்ஜ் செய்து மூன்றே வாரத்தில் வெடித்துவிட்டது. கிட் மோசமா, வேலை மோசமா?

பதில்: முதலில் யாரையும் துணியால் துடைக்க விடாதீர்கள். லக்கிலிருந்து (கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) வெடிப்பில் துளை விழுந்த இடம் எவ்வளவு தூரம், செமிகான் (இன்சுலேஷன் மேலுள்ள அரைக்கடத்திப் படலம்) வெட்டு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுங்கள். அப்புறம் துளைக்கு எதிர்ப்பக்கமாக ட்யூபை நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். துளை செமிகான் விளிம்பிலோ அதை ஒட்டியோ இருந்தால், மூன்று வாரம் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, நான் வேலையைத்தான் சந்தேகிப்பேன்.

மின்புலம் குவிவது அந்த விளிம்பில்தான். செமிகானை வட்டமாக வெட்டும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால், இன்சுலேஷனில் வளையமாக ஒரு கீறல் விழும். அதில் காற்று தங்கும். எக்ஸ்.எல்.பி.இ-யின் பெர்மிட்டிவிட்டி (மின்புலம் எப்படிப் பங்காகும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) சுமார் 2.3, காற்றுக்கு 1. அதனால் மெல்லிய காற்றிடைவெளியில் மின்புலம் பக்கத்து இன்சுலேஷனில் இருப்பதைவிட 2.3 மடங்கு வரை ஏறும். காற்றின் தாங்கும் திறனோ இன்சுலேஷனைவிட மிகக் குறைவு. பார்ஷியல் டிஸ்சார்ஜ் (அந்த இடைவெளிக்குள் மட்டும் நடக்கும் சின்ன மின்பொறி) தொடங்கிவிடும், கரித்தடம் கிளை பிரிந்து ஊர்ந்துபோகும்.

வெடிக்காத மற்ற இரண்டு ஃபேஸையும் கட்டாயம் பிரித்துப் பாருங்கள். வெடித்ததில் தடயம் பாதி எரிந்துபோயிருக்கும். அதே ஆள் அதே நாளில் கட்டிய பக்கத்து ஃபேஸில் அதே தவறு எரியாமல் அப்படியே கிடைக்கும். கீறலை நகத்தால் வருடினாலே தட்டுப்படும். செமிகான் படியில் சுற்ற வேண்டிய மாஸ்டிக் (இடைவெளியை நிரப்பும் பிசின்) இருக்கிறதா? ஸ்ட்ரெஸ் கண்ட்ரோல் ட்யூப் (விளிம்பில் குவியும் மின்புலத்தைப் பரப்பிவிடும் ட்யூப்) செமிகான் மேல் ஏறி நிற்கிறதா, அல்லது சுருங்கும்போது மேலே நழுவிவிட்டதா? இன்சுலேஷனில் மங்கலான கறுப்புத் தீற்றல் தெரிந்தால், துடைத்த திசை தப்பு. துடைப்பு எப்போதும் லக் பக்கத்திலிருந்து செமிகானை நோக்கித்தான் போக வேண்டும், செமிகானைத் தொட்ட துணி திரும்ப இன்சுலேஷனில் படக்கூடாது. தேய்க்கவும் அலுமினியம் ஆக்சைடு தாள்தான். கிட்டைக் குறை சொல்வதென்றால் இவை எல்லாம் சரியாக இருந்த பிறகு சொல்லலாம்.

கேள்வி: எங்களுடையது நாலு வருடம் நன்றாக ஓடியது. மழைக்காலத்தில் போய்விட்டது.

பதில்: தண்ணீர். லக்கின் மேல் சீலைப் பாருங்கள். லக்கின் பீப்பாய்க்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே சீலிங் மாஸ்டிக் விடுபட்டிருக்கும், அல்லது லக்கில் உள்ள பார்வைத் துளை மூடாமல் கிடக்கும். உள்ளே அலுமினிய இழைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அடிப்பக்கம் எர்த் பிரெய்டு (பின்னிய எர்த் கம்பிப் பட்டை) இன்னொரு வழி. பிரெய்டை ஓரிடத்தில் ஈயம் ஊற்றி அடைக்கவில்லை என்றால் அது விளக்குத் திரி போல ஈரத்தை உள்ளே இழுக்கும். இழைக்குள் தண்ணீர் போயிருந்தால் புது டெர்மினேஷன் மட்டும் போட்டுப் பயனில்லை, காய்ந்த பளபளப்பான இழை தெரியும்வரை கேபிளை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

கேள்வி: தெர்மல் கேமராவில் ஒரு ஃபேஸ் மட்டும் 10 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. ஓடவிடலாமா?

பதில்: சூடு எந்த இடத்தில்? லக்கில் என்றால் போல்ட் தளர்வு, தப்பான டை (அழுத்தும் அச்சு) வைத்து அழுத்திய கிரிம்ப், அல்லது பைமெட்டல் (இரு உலோகம் சேர்ந்த இணைப்பு) இல்லாமல் அலுமினியத்தைச் செம்போடு சேர்த்தது. இது லோடைப் பொறுத்தது. சூடு ஏறக்குறைய கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், பாதி லோடில் 10 என்றால் முழு லோடில் 40-ஐ நெருங்கும். அடுத்த ஷட்டவுனில் சரிசெய்துவிடுங்கள்.

லக்கில் இல்லாமல் டெர்மினேஷனின் உடம்பில், அதுவும் செமிகான் வெட்டு வரும் உயரத்தில் சூடு என்றால் கதை வேறு. அது வோல்டேஜால் வரும் சூடு, லோடு குறைந்தாலும் போகாது. அங்கே மற்ற ஃபேஸ்களைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடினாலே நான் லைனை எடுக்கச் சொல்வேன்.

கேள்வி: மூன்று கால்களும் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே வெள்ளைப் பொடி படிகிறது, இரவில் 'உஸ்' சத்தம். உப்பா?

பதில்: இரண்டு கால்கள் நெருங்கியோ உரசியோ நிற்கும் இடத்தில் மட்டும் பொடி இருந்தால் உப்பில்லை, இடையிலுள்ள காற்றில் டிஸ்சார்ஜ் நடக்கிறது. அதில் பிறக்கும் ஓசோனும் நைட்ரிக் அமிலமும் ட்யூபை அரிக்கின்றன. துடைத்தால் திரும்ப வரும். கிட் தாளில் சொன்ன இடைவெளிக்குக் கால்களை விரித்துக் கட்டுங்கள்.

ஷெட் (டெர்மினேஷன் மேலுள்ள குடை போன்ற தட்டுகள்) முழுக்கப் பரவலாகப் படிந்திருந்தால்தான் மாசு. அப்போது லக்கிலிருந்து எர்த் வரை மேற்பரப்பை ஒட்டி நூல் வைத்து அளந்து பாருங்கள். மிகக் கடுமையான மாசுக்குப் பழைய கணக்கு கிலோவோல்ட்டுக்கு 31 மி.மீ. 11 கிலோவோல்ட் லைனின் அதிகபட்ச வோல்டேஜான 12 கிலோவோல்ட்டுக்கு 372 மி.மீ ஆகிறது.

கேள்வி: காலையில் மெகர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளவு) மிகக் குறைவு, மதியம் நன்றாக ஏறிவிடுகிறது. எதை நம்புவது?

பதில்: பனி ஈரத்தில் மேற்பரப்புக் கசிவு. டெர்மினேஷனைத் துடைத்து, லக்குக்குக் கீழே வெறும் செம்புக் கம்பியை ஒரு சுற்று சுற்றி மெகரின் கார்டு முனையில் (மேற்பரப்புக் கசிவைக் கணக்கில் சேர்க்காமல் விலக்கும் முனை) கொடுத்துத் திரும்ப எடுங்கள். அப்போதும் குறைந்தால் கோளாறு உள்ளே.

கேள்வி: சரிசெய்த பிறகு டி.சி. ஹைபாட் (உயர் வோல்டேஜ் சோதனை) போடலாமா?

பதில்: ஓடிப் பழகிய எக்ஸ்.எல்.பி.இ-க்கு வேண்டாம், உள்ளே மின்னூட்டம் தங்கி, சார்ஜ் செய்த பிறகு அடிக்கும். வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண் ஏ.சி. சோதனை) 0.1 ஹெர்ட்ஸ் போடுங்கள். புதுக் கேபிளுக்கு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜைப் போல மூன்று மடங்கு, 15 நிமிடம். 6.35/11 கிலோவோல்ட் கேபிளில் (முதல் எண்தான் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலானது) அது சுமார் 19 கிலோவோல்ட். பழைய கேபிளுக்கு இதைவிடக் குறைத்து வையுங்கள். ஏற்றும் முன் டெர்மினேஷனை பஸ்ஸிலிருந்து கழற்றிவிட மறக்காதீர்கள், அரெஸ்டரும் (இடி, சர்ஜ் தடுப்பான்) அதில் மாட்டியிருக்கும்.