இன்றைக்கு என்ன சமையல்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஐந்தோவனில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நெதர்லாந்துக் கிராமங்களில் கையைக் கடிக்காத விலையில் அந்த ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், அதைச் சாப்பிடாமல் இந்த மக்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்பாவை ஜூலையில் ட்ரெந்தெ மாகாணத்தில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். அமைதியான, அழகான ஊர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உணவகத்துக்குள் நுழையும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. சமையலறையை மூடப்போகிறோம் என்று சொல்லி அரைமனதோடு உட்காரவைத்தார்கள். பெயர் பெற்ற பண்டமாயிற்றே என்று போரன்கோல் கீரை போட்ட ஸ்டாம்பொட்டும் புகையூட்டிய தொத்திறைச்சியும் கேட்டேன். கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்த களி வந்தது. உப்புகூட இல்லை. அம்மா சைவம். அவருக்கு வந்த தட்டில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கிடந்தன. கடைசியில் அவர் உருளை வறுவலும் ஆப்பிள் கூழும் சாப்பிட்டு எழுந்தார். தண்ணீர் கேட்டதற்குப் புட்டியைக் கொண்டுவந்து வைத்து அதற்கும் பணம் வாங்கினார்கள். வரும் வழியில் அம்மா கேட்டார்: “இவ்வளவு பணக்கார நாட்டில் உருளைக்கிழங்கை மசித்துத்தானா சாப்பிடுகிறார்கள்?” எனக்கும் அதே கேள்விதான். டச்சுக்காரர்களுக்குச் சமையல் என்று ஒன்று இருக்கிறதா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அம்மா அரைவயிற்றோடு எழுந்து வந்தது வருத்தமாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் பெற்றோரைக் கூட்டிப்போய் அப்படி ஆகிவிட்டால் அந்தச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வருவது இயல்பு.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இருக்கிறது. ஆனால் அது மாதத்தோடும் மணியோடும் கட்டிப்போட்ட சமையல். அந்த மாதத்தில், அந்த நேரத்தில் போனவருக்குத்தான் அது தன் ருசியைக் காட்டும். நீங்கள் போரன்கோலை ஜூலையில் கேட்டிருக்கிறீர்கள். அது குளிர்காலக் கீரை. குளிர் பட்டால்தான் அந்த இலையில் சர்க்கரை கூடும். வயலில் ஒரு தடவையாவது உறைபனி விழட்டும், அதற்கப்புறம் பறிக்கலாம் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். டிசம்பரில் பறித்த கீரைக்குக் கசப்பு தணிந்து ஒரு இனிப்பு ஏறியிருக்கும். ஜூலையில் உங்கள் தட்டுக்கு வந்தது அநேகமாக உறைபெட்டியில் இருந்த பொட்டலக் கீரை. சுற்றுலாக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக உணவுப்பட்டியல் அட்டையில் போட்டுவைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர் யாரும் அந்த மாதத்தில் அதைத் தொடமாட்டார்.

ஏப்ரலில் போயிருந்தால் வெள்ளை அஸ்பாரகஸ் கிடைத்திருக்கும். மண்ணை மேடாகக் குவித்து, வெயிலே படாமல் வளர்க்கிற தண்டு. உருக்கிய வெண்ணெய், நறுக்கிய அவித்த முட்டை, பன்றித்தொடை இறைச்சித் துண்டு, புது உருளைக்கிழங்கு இவற்றோடு வைப்பார்கள். ஜூன் 24, புனித யோவான் திருநாள், அன்றோடு அறுவடையை நிறுத்திவிடுவது மரபு. மேலும் வெட்டினால் அடுத்த வருஷத்துக்குச் செடியில் தெம்பு இருக்காது. அதே ஜூனில் புது ஹெர்ரிங் மீன் வந்துவிடும். ஜூலை பிறந்தால் ஸேலந்து மாகாணத்துக் கடலின் மட்டி. நீங்கள் போன அன்றைக்கு மட்டி கேட்டிருந்தால் அப்பாவாவது சந்தோஷமாக எழுந்திருப்பார்.

அப்புறம் ஹுட்ஸ்பொட். கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு சேர்த்து மசித்தது. இதற்குத் தேதியே உண்டு: அக்டோபர் 3. 1574இல் ஸ்பானியப் படை லெய்டன் நகரத்தை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டது. ஸ்பெயினை எதிர்த்த டச்சுக் கிளர்ச்சிக்காரர்கள் கரைகளை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட, படை இரவோடு இரவாக ஓடியது. விட்டுப்போன முகாமில் ஒரு சிறுவன் சட்டி நிறையக் குழம்பைக் கண்டெடுத்தான் என்பது கதை. அந்தச் சட்டியில் உருளைக்கிழங்கு இருந்திருக்க முடியாது, அது அப்போது அந்த ஊருக்கு வந்து சேரவில்லை. இன்றும் ஒவ்வொரு அக்டோபர் 3ஆம் தேதியும் லெய்டனில் ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள், வீடுகளில் ஹுட்ஸ்பொட் வேகிறது. பட்டினி கிடந்து மீண்ட நாளை இப்படிச் சாப்பிட்டே நினைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் நீங்கள் இருக்கும் ஐந்தோவனை ஒட்டியே இருக்கிறது. பக்கத்திலுள்ள நூனன் கிராமத்தில்தான் 1885இல் ஓவியர் வான்கோ உருளைக்கிழங்கு உண்ணும் குடும்பத்தை வரைந்தார். எண்ணெய் விளக்கு, ஒரே தட்டு, அதற்கு நீளும் முண்டு முண்டான கைகள். தட்டுக்கு நீளும் அந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின, நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த சாப்பாடு அது என்று தம்பிக்கு எழுதினார். அதற்கு முன் 1883இன் இலையுதிர்காலத்தில் சில மாதங்கள் அவர் இருந்தது நீங்கள் போன ட்ரெந்தெயில். மணலும் கரிச்சதுப்புமான மண் அது. ஆட்டு எருவைக் கொட்டிக் கொட்டித்தான் கோதுமைக்கு உறவான ரை தானியத்தை விளைவித்தார்கள். சதுப்பைக் கொளுத்தி அந்தச் சாம்பலில் பக்வீட் என்ற தானியத்தை விதைத்தார்கள். பணக்கார நாடு என்பது இன்றைய கதை. அந்தச் சமையல் ஏழைக் குடியானவருடையது. வாசலில் பனி கிடக்க, நாளெல்லாம் சதுப்பில் எரிக்கிற கரிமண் வெட்டிவிட்டு வருகிறவருக்குச் சூடாக, கனமாக, ஒரே சட்டியில் ஆக்கிக்கொடுக்க என்று உண்டானது.

காரமும் மணமும் இல்லையே என்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் வசதியானவர்கள் வீட்டுச் சமையலில் இஞ்சி, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் தாராளமாகவே விழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சமையல் பள்ளிகள் தொடங்கின. ஹேக் நகரத்துப் பள்ளி 1888இல் வந்தது. குறைந்த செலவு, நிறைந்த சத்து, வீணாக்காமை என்றே பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. அந்தச் சிக்கனம் நாட்டு நாக்கிலேயே படிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் மசாலா மொத்தமாகப் போய்விடவில்லை. கிராமத்து உணவகத்தில் அவித்த காலிஃபிளவரோ பீன்ஸோ வந்தால் மோந்து பாருங்கள். மேலே ஜாதிக்காய் துருவியிருப்பார்கள். அந்த ஜாதிக்காய்க்காக 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளில் மக்களைக் கொன்று குவித்தது என்பதும் எனக்கு அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். மறக்கக் கூடாத விஷயம்.

இறைச்சி சாப்பிடுகிற தமிழ் நாக்குக்கு நான் முதலில் சொல்வது ஹாஷே. மாட்டிறைச்சியை வெண்ணெயில் சிவக்க வறுத்து, அதே அளவுக்கு வெங்காயத்தை நறுக்கிப் போடுவார்கள். கிராம்பு, பிரிஞ்சி இலை, கொஞ்சம் வினிகர். மூடிபோட்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகும். கடைசியில் மசாலாக் கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டால் குழம்பு திரண்டுவிடும். வெங்காயம் இருந்த இடம் தெரியாமல் கரைந்திருக்கும், இறைச்சி முள்கரண்டி பட்டாலே இழை இழையாகப் பிரியும். கூடவே ஆப்பிள் போட்டு வேகவைத்த சிவப்பு முட்டைக்கோஸ் வரும். அந்தப் புளிப்பும் கிராம்பு மணமும் நமக்கு அந்நியமாகவே இருக்காது. மசித்த உருளைக்கிழங்கு எதுவானாலும் ஒரு விஷயம்: அப்படியே சாப்பிட்டால் உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும். நாம் சோற்றில் குழி பண்ணிக் குழம்பு ஊற்றுவது போல, கரண்டியால் நடுவில் குழித்து இறைச்சிச் சாற்றை அதில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அங்கே குழந்தைகள் எல்லாரும் அப்படித்தான் சாப்பிடக் கற்கிறார்கள். பக்கத்தில் கடுகு விழுது இருக்கும், தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். தொத்திறைச்சிக்கு அது இல்லாமல் முடியாது.

விலைக்கு வருவோம். கிராமத்து உணவகத்தில் அச்சடித்த அட்டையைப் பிறகு பார்க்கலாம், முதலில் சுவரில் இருக்கும் கரும்பலகையைப் பாருங்கள். அன்றைய சாப்பாடு என்று ஒன்றை எழுதியிருப்பார்கள். டாக்ஹாப் என்பார்கள். அட்டையில் உள்ளவற்றைவிட விலை குறைவு. காரணம் எளிது. ஒரே பண்டம், பெரிய சட்டி, காலையிலேயே அடுப்பில் ஏற்றியது, அந்த வாரம் சந்தையில் மலிவாக வந்த காய். பல இடங்களில் உருளைக்கிழங்கும் காயும் தனிக் கிண்ணங்களில் மேஜை நடுவே வரும். தீர்ந்தால் தயங்காமல் கேட்கலாம். விலை குறைந்தது என்பதால் மட்டமாக இருக்குமோ என்று சந்தேகப்படாதீர்கள். சமைக்கிறவர் தானும் அன்றைக்குச் சாப்பிடப்போவது அதுவாகத்தான் இருக்கும். உட்கார்ந்ததும் இன்றைக்கு என்ன சமையல் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பரிமாறுகிறவர் முகம் மலர்வதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

நேரம் முக்கியம். அங்கே வீடுகளில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. உணவகத்திலும் ஐந்தரைக்கே கூட்டம் வந்துவிடும், எட்டு மணிக்கெல்லாம் கரண்டி கழுவத் தொடங்கிவிடுவார்கள். உங்களை அரைமனதோடு உட்காரவைத்தது அதனால்தான் இருக்கும். திங்கள், செவ்வாய் பல கிராமங்களில் விடுமுறை. தண்ணீர் வேண்டுமென்றால் குழாய்த் தண்ணீர் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள். தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. அந்த நாட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் சேர்ப்பதில்லை, அருமையாக இருக்கும்.

அம்மாவுக்கு ஸ்டாம்பொட் வேண்டாம் என்பேன். கொழுப்புத் துண்டைக் கலந்தே மசித்துவிடுவார்கள். பட்டாணி சூப்பும் அப்படித்தான், வழக்கமாகப் பன்றி இறைச்சி போட்டே செய்வார்கள். முட்டை சாப்பிடுவாரென்றால் பன்னகூக், அதாவது டச்சுப் பான்கேக், சுடுகிற கடைக்குக் கூட்டிப்போங்கள். தட்டை மறைக்கிற அகலத்தில் சுடுவார்கள். மாவு வாணலியில் இருக்கும்போதே ஆப்பிள் வட்டங்களைப் பதித்துச் சுட்டது ஒன்று, பாலாடைக்கட்டி ஒன்று, மேலே கரும்பாகு நிறத்தில் ஸ்ட்ரோப் என்ற பாகு. ட்ரெந்தெ பக்கம் பக்வீட் மாவில் சுட்டது கிடைத்தால் விடாதீர்கள். கறுப்பாக, லேசாகக் கசந்து, பாகோடு சேரும்போது அலாதியாக இருக்கும். “சோந்தர் ஸ்பெக்” என்று சொன்னால் பன்றிக்கொழுப்பு இல்லாமல் தருவார்கள். முட்டையும் ஆகாதென்றால் தொலைபேசியில் முன்பே சொல்லிவிடுவது நல்லது. சின்னக் கடைகளில் சொன்னால் ஏதாவது செய்து வைப்பார்கள்.

இந்தக் கடைகளுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஊர்களில் உணவகம்தான் பொதுக்கூடம். சீட்டாட்டக் குழு கூடுவதும், கால்பந்து விளையாடிவிட்டுப் பையன்கள் வந்து உட்காருவதும், அடக்கம் முடிந்து துக்கக்காரர்களுக்குக் காப்பியும் கேக்கும் கொடுப்பதும் அதே மேஜைகளில்தான். சமைக்க ஆளில்லாமல், எடுத்து நடத்தப் பிள்ளைகள் இல்லாமல் இப்படிப்பட்ட கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று மூடினால் அந்த ஊர்க்காரர்கள் மாலையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள இடம் இல்லாமல் போகிறது. அதனால் ஒரு தடவை ஏமாந்ததை வைத்து விட்டுவிடாதீர்கள்.

நவம்பரில் ட்விங்கலோ போய்ப் பாருங்கள். ட்ரெந்தெயில்தான். நடுவில் ஓக் மரங்கள் நிற்கும் ஊர்த்திடல், அதைச் சுற்றி உணவகங்கள், உச்சியில் வெங்காயம் வைத்தது போன்ற தேவாலயக் கோபுரம். பகலில் பக்கத்துப் புல்வெளிக் காட்டில் நடக்கலாம். அந்தக் காட்டோரம் 1956இல் கட்டிய வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. 25 மீட்டர் விட்டம், கட்டியபோது உலகிலேயே பெரியது. அப்பாவுக்குப் பிடிக்கும், அவர் அப்போது உங்களோடு இருந்தால். நடந்து நன்றாகப் பசித்த பிறகு உட்காருங்கள். வியாழன் அல்லது வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள், ஐந்தரைக்கு இடம் சொல்லி வையுங்கள். ஹாஷே இருந்தால் ஹாஷே, இல்லாவிட்டால் கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அது. எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.