ஒன்பது மாதம் கழித்து வந்த டெபிட் நோட்

கேள்வி: திருப்பூரில் நானும் தம்பியும் கூட்டாக ஸ்கிரீன் பிரிண்டிங் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறோம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) 2021-லேயே எடுத்துவிட்டோம், குறு நிறுவனம். ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டிக்கு (அவர்களும் பார்ட்னர்ஷிப்தான்) 2023 ஆகஸ்ட் முதல் 2024 பிப்ரவரி வரை பிரிண்டிங் செய்து கொடுத்தோம். மொத்த பில் ரூ.38,40,000. அவ்வப்போது கொடுத்தது ரூ.20 லட்சம். கடைசியாகப் பணம் வந்தது 2024 மே மாதம். பாக்கியைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். 2024 நவம்பரில் மெயிலில் ஒரு டெபிட் நோட் அனுப்பினார்கள். பிரிண்டிங் தாமதமானதால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று, அந்த ஏர் ஃப்ரெய்ட் ரூ.6,75,000 எங்கள் கணக்கில் பற்று, மீதி தர வேண்டியது ரூ.11,65,000 என்று எழுதியிருந்தார்கள். அதையும் தரவில்லை. அவர்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த, தேதியும் தொகையும் எழுதாத செக் ஒன்று எங்களிடம் இருக்கிறது. போலீசில் புகார் கொடு என்கிறார் ஒருவர், என்.சி.எல்.டி.யில் (தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம்) போடு என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து பைலின் மேலே வையுங்கள். அதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள் என்பது கேள்வியைப் படிக்கும்போதே தெரிகிறது. என்னைக் கேட்டால், உங்களிடம் இருக்கும் காகிதங்களிலேயே உங்களுக்கு அதிகம் உதவப்போவது அதுதான். ரூ.6,75,000 கேட்கிறோம் என்ற சாக்கில், ரூ.11,65,000 தர வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலை சரியாக நடக்கவில்லை, பில்லே வரவில்லை, ரேட் பேசியது வேறு என்ற வழக்கமான பல்லவிகளுக்கு இனி இடமில்லை. சண்டை ஆறே முக்கால் லட்சத்துக்குள் சுருங்கிவிட்டது. ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டும் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது (ஆணை 12, விதி 6).

அந்த மெயிலுக்கு நீங்கள் பதில் போட்டீர்களா? போட்டதாகக் கேள்வியில் இல்லை. போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். அதற்கு முன், உங்கள் கணக்கு எழுதுபவரிடம் ஒன்று கேளுங்கள். ‘பார்ட்டி லெட்ஜர் டேலி ஆகட்டும்’ என்று அந்த டெபிட்டை உங்கள் புத்தகத்திலும் ஏற்றிவிட்டாரா? அல்லது பில் தொகையைக் குறைத்து கிரெடிட் நோட் போட்டுவிட்டாரா? இந்த ஊரில் நல்ல வழக்குகள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன. முதலாளி ‘ஒத்துக்கொள்ளவே இல்லை’ என்று கூண்டில் நின்று சொல்வார், அவருடைய லெட்ஜரே ஒத்துக்கொண்டிருக்கும். வாங்கியவர் அனுப்பும் டெபிட் நோட்டுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தில் இடமில்லை. சட்டம் சொல்லும் கிரெடிட் நோட், டெபிட் நோட் இரண்டையும் போட வேண்டியவர் பில் போட்டவர்தான். அவர்கள் அனுப்பியது ஒரு கோரிக்கைக் கடிதம், அவ்வளவே.

பதில் நான்கு வரி போதும்: ‘தங்கள் டெபிட் நோட்டை நாங்கள் ஏற்கவில்லை. எந்த டெலிவரி சலானில் (டி.சி.), எத்தனை பீஸ், எத்தனை நாள் தாமதம் என்று தெரிவிக்கவும். ஏர்வே பில், அதற்குப் பணம் கட்டிய ரசீது, தங்கள் வெளிநாட்டு பையர் எழுதிய கடிதம் ஆகியவற்றின் நகல் அனுப்பவும். தாங்கள் ஒப்புக்கொண்ட ரூ.11,65,000-ஐ உடனே செலுத்தவும், மீதி ரூ.6,75,000 மீதான எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’ மெயிலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கோபத்தில் ஒரு வரி கூட்டாதீர்கள்.

இப்போது டெபிட் நோட் நிற்குமா என்று பார்க்கலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இல் பலர் படிக்காமல் தாண்டிவிடும் ஒரு விளக்கம் உண்டு. சரக்கோ சேவையோ கிடைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், கிடைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். உங்களுக்கு ஆட்சேபம் வந்தது ஒன்பது மாதம் கழித்து. அதனால் அவர்கள் எதிர்க்கோரிக்கையே வைக்க முடியாது என்று எண்ணிவிடாதீர்கள், வைக்கலாம். ஆனால் தாமதம் உங்களால்தான் வந்தது, அதனால்தான் விமானச் செலவு வந்தது, அதை உண்மையில் கட்டினோம் என்ற மூன்றையும் நிரூபிப்பது அவர்கள் பாடு.

அங்கேதான் உங்கள் டி.சி. புத்தகம் பேச வேண்டும். கட் பேனல் (வெட்டிய துணித் துண்டு) உங்கள் யூனிட்டுக்கு வந்த தேதி, பிரிண்ட் ஆகித் திரும்பிய தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் போடுங்கள். நான்காம் தேதி பேனல் வந்து ஒன்பதாம் தேதி திரும்பியிருந்தால் தாமதம் உங்களுடையது அல்ல. கட்டிங்கிலோ டையிங்கிலோதான் மாட்டியிருக்கும். அப்புறம் அவர்கள் பக்கம் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் வாட்ஸ்அப்பைத் தேடுங்கள். ஸ்ட்ரைக்-ஆஃப் (மாதிரி பிரிண்ட்) அனுப்பியது என்றைக்கு, ‘அப்ரூவல் வரலை, வெயிட் பண்ணுங்க’ என்று அவர் சொன்னது என்றைக்கு, ‘சிவப்பு கொஞ்சம் டார்க்கா இருக்கு, மாத்துங்க’ என்றது என்றைக்கு? இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். எனவே அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். சாட்டை அழிக்கவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு காகிதம் உங்கள் ஆடிட்டரிடம் இருக்கும். ஒன்று, படிவம் 26ஏஎஸ். உங்கள் பில்லுக்கு அவர்கள் டி.டி.எஸ். பிடித்துக் கட்டியிருந்தால் அதில் தெரியும். இன்னொன்று, ஜி.எஸ்.டி. விவரம். உங்கள் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் பில்லை ஏற்றார்கள் என்பதற்கு அது துணைச் சான்று. அதோடு, 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது விதி. இதை நோட்டீஸில் ஒரு வரியாகச் சேர்த்தால் அவர்களுடைய ஆடிட்டர் நிமிர்ந்து உட்காருவார். குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொன்ன கெடுவுக்குள் தராத பணத்தை, தரும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் ஒரு விதி (43பி-யின் ‘எச்’ உட்பிரிவு) 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது. உங்கள் பில்கள் அந்த வருடத்தவை.

அடுத்தது காலவரம்பு. பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம். முதல் பில் 2023 ஆகஸ்ட் என்பதால் 2026 ஆகஸ்டில் எல்லாம் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தியிருக்கலாம். பொறுங்கள். எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் மொத்தமாகப் பணம் கொடுத்தால், நீங்களும் குறித்துக்கொள்ளாவிட்டால், அது தேதி வரிசைப்படி பழைய பில்லிலிருந்து கழியும். இது இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 61. அப்படிப் பார்த்தால் வந்த 20 லட்சம் பழைய பில்களை அடைத்திருக்கும், நிலுவையில் இருப்பது பிந்தைய பில்கள். போதாததற்கு 2024 நவம்பர் மெயில் வேறு இருக்கிறது. காலவரம்பு முடியுமுன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். மெயிலைக் கையெழுத்திட்ட எழுத்தாக ஏற்பதா, ஒப்புக்கொண்டது 11,65,000-க்கு மட்டுமா என்றெல்லாம் எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் மெயிலை நம்பிக் காலம் கடத்தாமல், அது இல்லாவிட்டாலும் நிற்கும் தேதிக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.

எங்கே போடுவது? என்.சி.எல்.டி.யை மறந்துவிடுங்கள். கடன் ஒரு கோடியாவது இருக்க வேண்டும், அதுவும் கம்பெனி அல்லது எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) மீதுதான். சாதாரணப் பார்ட்னர்ஷிப் மீது அங்கே போக முடியாது. போலீசும் வேண்டாம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு வேலை வாங்கினார்கள் என்றால்தான் அது மோசடி. உங்களுக்கு 20 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். ‘சிவில் மேட்டர்’ என்று புகாரை மூடிவிட்டால், அந்தக் காகிதத்தை அவர்கள்தான் கோர்ட்டில் காட்டுவார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி குறு, சிறு தொழில் நிறுவனங்கள் வசதியாக்க மன்றம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு மண்டல மன்றங்கள் உள்ளன, உங்களுக்குக் கோவை. மனுவை இணையத்திலேயே போடலாம். தடுமாறினால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். முதலில் சமரசம், படியாவிட்டால் நடுவர் விசாரணை. வட்டி இங்கே கனமானது: ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 என்றால் உங்களுக்கு 18. ஆர்டரில் ‘90 நாள் கிரெடிட்’ என்று எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. கெடுவே பேசவில்லை என்றால் 15 நாள்தான். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை அவர்கள் முதலில் கட்டியாக வேண்டும். அதனால்தான் பல பார்ட்டிகள் மன்ற நோட்டீஸ் வந்ததும் போன் எடுக்கிறார்கள். குறையையும் சொல்லிவிடுகிறேன். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அப்படி முடிவதை எதிர்பார்க்காதீர்கள்.

(இதைப் படிக்கும் நூல் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: உத்யம் பதிவு இருந்தாலும் வாங்கி விற்பவர்களுக்கு இந்த வட்டியும் மன்றமும் கிடையாது. அவர்களுக்குக் கிடைத்த பலன் வங்கிக் கடன் முன்னுரிமை மட்டுமே.)

மன்றம் வேண்டாம், கோர்ட்டுக்கே போகிறேன் என்றால் இது வணிக வழக்கு. 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015-இன் கீழ் வரும். அவசரத் தடையுத்தரவு தேவைப்படாத வழக்குகளில் முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்கு மனுப் போட வேண்டும். அதைத் தாண்டி வந்த பிளெயின்ட் (வழக்கு மனு) நிராகரிக்கப்படும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் வரவில்லை என்றால் அந்த அறிக்கையோடு வழக்குப் போடலாம். அங்கே செலவான காலம் காலவரம்பில் சேராது. நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், உங்கள் தொகைக்கு ரூ.55,200. எதிர்த்தரப்பு சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் பதிலுரை போடாவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பது இந்தச் சட்டத்தின் நல்ல பக்கம்.

கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் ஒரு விஷயத்தை இன்றைக்கே பாருங்கள். உங்கள் பார்ட்னர்ஷிப் பதிவானதா? பத்திரத்தை நோட்டரியிடம் காட்டி முத்திரை வாங்கி, ஜி.எஸ்.டி. எண்ணும் எடுத்துவிட்டால் பதிவாகிவிட்டது என்று அண்ணன் தம்பிகள் பலர் நினைத்திருக்கிறார்கள். சங்கங்கள், நிறுவனங்கள் பதிவு செய்யும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாத ஃபர்ம் ஒப்பந்தத்தை வைத்து வழக்குத் தொடர முடியாது (பார்ட்னர்ஷிப் சட்டம், பிரிவு 69). வழக்குப் போட்ட பிறகு பதிந்தால் அந்த வழக்குக்கு உதவாது.

கடைசியாக அந்த செக். அவசரப்பட்டு ரூ.18,40,000 என்று எழுதி வங்கியில் போட்டுவிடாதீர்கள். செக்கில் இருக்கும் தொகை, போடும் நாளில் உண்மையில் வர வேண்டிய தொகையைவிட அதிகமாக இருந்தால் செக் பவுன்ஸுக்கான பிரிவு 138 வழக்கு நிற்காது. ஏர் ஃப்ரெய்ட் சண்டை முடியாதவரை தொகையே கேள்விக்குறி. போடுவதென்றே முடிவெடுத்தால், அவர்களே ஒப்புக்கொண்ட தொகையோடு நிறுத்துங்கள். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர்களுக்குக் கிடைத்து 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ளதோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எந்த நாளில் யார் தேதியும் தொகையும் எழுதினார்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், அதற்கு உண்மையான பதில் இருக்கட்டும்.

நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் ‘வாங்க, உட்கார்ந்து பேசிக்கலாம்’ என்று அழைப்பு வரும். போங்கள். 14, 15 லட்சத்தில் முடிகிறது என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இரண்டு வருட அலைச்சலுக்கும் விலை உண்டு. ஆனால் அவர்கள் ஆபீசில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். மன்றத்திலோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ பதிந்து வாங்குங்கள். தவணை தேதி, ஒரு தவணை தவறினால் முழுத்தொகையும் வட்டியோடு, டெபிட் நோட் ரத்து என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். முதல் தவணை கணக்கில் ஏறும்வரை அந்தப் பழைய செக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.