‘ஆசை ஆசையாய்ப் போனேன்… மனசு விட்டுப்போச்சு!’

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், பயாலஜி-மேத்ஸ் குரூப், இப்போது பிளஸ் டூ. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் நிறுவனம்) பற்றி பத்தாவதில் டீச்சர் சொன்னதிலிருந்து அங்கேதான் படிப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஓப்பன் டேவுக்கு அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனார். போனால் ஒரே கூட்டம், எங்கே பார்த்தாலும் வரிசை, ஹை வோல்டேஜ் லேப் பக்கம் நெருங்கவே முடியவில்லை. கட்டிடங்களும் பழசு. விளக்கம் சொன்னவர்கள் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த கும்பலைக் கூப்பிட்டார்கள். ஒரு இடத்தில் திரவ நைட்ரஜனைக் கைமேல் ஊற்றிக் காட்டி, ‘கை ஏன் உறையவில்லை?’ என்று கேட்டார்கள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுமே, அதே காரணம்தான் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் வாய் வரவில்லை. பெங்களூரு ஸ்கூல் பெண் ஒருத்தி இங்கிலீஷில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ‘எப்படிம்மா இருந்துச்சு?’ என்றார், ‘நல்லா இருந்துச்சுப்பா’ என்றேன். அதிலிருந்து புத்தகத்தைத் தொடவே மனசு வரவில்லை. என் ஆசையே தப்பா?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கண்ணு, உன் கடிதம் இன்னும் நீளம், சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். அதில் கூட்டத்துக்கும் வரிசைக்கும் பழைய கட்டிடத்துக்கும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய், அந்த நைட்ரஜன் விஷயம் கடைசியில் நாலே வரி. உன்னைப் படுக்க வைத்தது அந்த நாலு வரிதான் என்று எனக்குப் படுகிறது.

முதலில் கூட்டத்தை முடித்துவிடுவோம். ஓப்பன் டே என்பது வருஷத்தில் ஒரு நாள் ஊருக்கே கதவைத் திறந்துவிடுவது. சின்னப் பிள்ளைகளிலிருந்து தாத்தா பாட்டி வரை வருவார்கள், பொறி பறக்கிற லேப் எதுவோ அங்கேதான் எல்லோரும் போய் நிற்பார்கள். கல்யாணத்தன்று போய்ப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் தினமும் எப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும். உனக்கு விளக்கம் சொன்ன அண்ணன் அக்காக்களில் பெரும்பாலும் பி.எச்டி. ஆராய்ச்சி செய்கிறவர்களாக இருந்திருப்பார்கள், ஏனென்றால் அது அடிப்படையில் ஆராய்ச்சி நிறுவனம், 1909-இல் தொடங்கியது, பிளஸ் டூ முடித்தவர்களை நேராகச் சேர்த்துக்கொள்கிற நாலு வருஷப் படிப்பு 2011-இல்தான் வந்தது. காலையிலிருந்து அதே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி மதியத்துக்குமேல் யாருக்குமே குரல் அப்படித்தான் ஆகும். நீ சேரப்போகிற படிப்பு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கு அங்கே யாரும் உனக்குக் காட்டவில்லை, காட்டவும் முடியாது.

சரி, இப்போது அந்த நைட்ரஜன். நீ வாய்க்குள்ளேயே வைத்திருந்த பதில் சரியான பதில். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், அதற்கு நம் கை என்பது நெருப்பாகக் காய்ந்த கல், பட்டவுடனே அடியில் ஒரு ஆவிப் படலம் உண்டாகி, ஒரு நொடி அது கையைத் தொடாமலே உருண்டு ஓடிவிடுகிறது (பிடித்து வைத்திருந்தால் கை உறைந்து புண்ணாகிவிடும், யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்). லைடன்ஃப்ராஸ்ட் விளைவு என்று பெயர். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் டாக்டர் 1756-இல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர் சொட்டி இதைத்தான் உட்கார்ந்து பார்த்து எழுதி வைத்தார். நீ அதே விஷயத்தைத் தோசைக்கல்லில் பார்த்திருக்கிறாய், பார்த்ததோடு விடாமல் முன்பின் தெரியாத ஒரு இடத்தில் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறாய், அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல். அந்தப் பெண்ணுக்கும் பதில் தெரிந்திருந்தது, சந்தோஷம், அவளிடம் இருந்த இங்கிலீஷ் உன்னிடம் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான் அங்கே நடந்தது. இதை வைத்துக்கொண்டு ‘எனக்கு அந்த இடம் ஒத்துவராது’ என்று நீ முடிவு கட்டினால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

இங்கிலீஷ் குறை என்பதை மறைக்கவும் மாட்டேன். வகுப்பு முழுக்க இங்கிலீஷில்தான். நுழைவுத்தேர்விலேயே அந்தச் சிக்கல் ஆரம்பித்துவிடும், முதல் கட்டமான ஜே.இ.இ. மெயினை 2021-லிருந்து தமிழிலும் எழுதலாம், ஆனால் அடுத்த கட்டமான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு இன்றைக்கும் இங்கிலீஷ், இந்தி மட்டும்தான். அதனால் இன்றிலிருந்து பாடத்தைத் தமிழில் படித்து முடித்ததும் அதே பாடத்தின் இங்கிலீஷ் மீடியம் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கணக்குகளை மட்டும் அதிலிருந்து போடு. இரண்டுமே நம் அரசுப் பாடநூல்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பேசுகிற இங்கிலீஷ் அப்புறம் வரும், ஹாஸ்டலில் நாலு மாசம் இருந்தால் தானாக வரும்.

அங்கே பாடம் எப்படி இருக்கும் என்று பார்க்க இன்னொரு நாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டாம். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்துகிற என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. இயற்பியலோ உயிரியலோ அடிப்படைப் பாடமாக ஒன்றை எடுத்து ஒரு வகுப்பு முழுக்கப் பார். பாதி புரியாது, பரவாயில்லை. முடிந்தபிறகு ‘அப்புறம் என்ன?’ என்று தோன்றுகிறதா, ‘அப்பாடா’ என்று தோன்றுகிறதா என்று மட்டும் கவனி. அங்கே ஆரம்ப செமஸ்டர்களில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் எல்லோரும் படிக்க வேண்டும், நாலாவது வருஷம் ஆராய்ச்சி செய்ய வேண்டும். எட்டிப்பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு அது சொர்க்கம், சீக்கிரம் ஒரு டிகிரி, சீக்கிரம் ஒரு வேலை என்று நினைப்பவர்களுக்குப் பெரிய பாரம். வீட்டு நிலைமையால் நீ இரண்டாவது வகை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவை இதைப் பார்த்து எடு, அன்றைய வரிசையைப் பார்த்து எடுக்காதே.

ஒரே வழியும் இல்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தவிர ஐசர்கள் (மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள்) நடத்துகிற ஐ.ஏ.டி. என்ற தேர்வும் இருக்கிறது, 60 கேள்வி, நாலு பாடத்திலும் தலா 15, உன் பயாலஜி-மேத்ஸ் குரூப்புக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அதே தேர்வில் திருப்பதி ஐசர் உட்பட எல்லா ஐசர்களுக்கும் போகலாம். எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும் கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஜாம் என்ற மேற்படிப்பு நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்குப் (முதுநிலைப் படிப்பும் பி.எச்டி.யும் சேர்ந்தது) போக முடியும். பணத்தைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை, மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து இதுபோன்ற நிறுவனத்தில் இடம் கிடைத்தால் முதல் பட்டப்படிப்புச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், தலைமை ஆசிரியரிடம் விவரம் கேள்.

அப்புறம் அப்பா. பஸ்ஸில் சொன்னதை மாற்றிச் சொல்லு. ‘அங்க ஒரு பொண்ணு பதில் சொன்னாப்பா, எனக்கும் தெரிஞ்சுது, சொல்லப் பயமாயிருந்துச்சு’ என்று அப்படியே சொல்லு. கூலியை விட்டுவிட்டு வந்த மனுஷன், இதைக் கேட்டால் திட்டமாட்டார். அவரிடம் ஒரு வேலையும் ஒப்படை: நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால், மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் அங்கே போதாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அட்வான்ஸ்டுக்கு அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். மார்ச்சிலேயே இ-சேவை மையத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுத் தயாராக வைத்திருக்கச் சொல்லு, ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடலாம்.